கழிவுக்குக் காட்டும் கவனம் மனிதனுக்கு இல்லையா?

(மீரியபெத்த மண்சரிவில் மறைந்தோர் நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மண்ணுக்கு அடியில் நம்மவர் உறங்குகின்றனர். ஆகவே இங்கே நின்று உரத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பேசாதிருக்கவும் நமக்கு உரிமையில்லை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. பல நாள் பெய்த மழை மலையை ஊறவைத்திருந்தது. காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தை மலைச்சரிவு பிளந்து இறங்கிற்று. அறுபதுக்கு மேற்பட்ட லயக் காம்பிராக்களும், கோயிலும், கடைகளும் சில நிமிடங்களிற் புதையுண்டன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்று முதலிற் செய்தி பரவிற்று. இறுதியில் முப்பத்தேழு பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அவர்களிற் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகள் பிழைத்தார்கள். அன்று மாலை அவர்களிற் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, ‘வா’ என்றழைக்கத் தாயும் இல்லை.

இதனை இயற்கையின் சீற்றம் என்றனர். இயற்கை சீறியது உண்மைதான். ஆனால் இயற்கை சீறக்கூடிய இடத்தில் நம்மைக் குடிவைத்தது யார்? அந்த இடம் தகுதியானதா என்று ஆராய்ந்தது யார்? ஆராய்ந்து அறிந்த பின்னரும் வாளாவிருந்தது யார்? இந்த மூன்று வினாக்களையும் உங்கள் முன் வைக்கவே நாம் வந்திருக்கிறோம்.

எச்சரிக்கை இருந்தது

மலைச்சரிவு என்பது இந்நாட்டு அறிஞர்கள் அறியாத மர்மமன்று. 1984ஆம் ஆண்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. 1990ஆம் ஆண்டில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் பணி தொடங்கியபோது முதன்முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்கள் எவை? பதுளையும் நுவரெலியாவும்! எந்தச் சரிவு வழுக்கும், எந்தச் சரிவு நிற்கும் என்று நிறந்தீட்டிக் காட்டும் வேலை நம் மாவட்டத்தில்தான் ஆரம்பமாயிற்று.

மீரியபெத்தவைப் பற்றியும் அந்நிறுவனம் சொல்லத் தவறவில்லை. 2005ஆம் ஆண்டிற் சொல்லிற்று. 2011ஆம் ஆண்டில் மறுபடியும் சொல்லிற்று. இவ்விடம் ஆபத்தானது, இங்குள்ள மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று சொல்லிற்று. முதல் எச்சரிக்கைக்கும் மண் இறங்கியதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். ஒரு பிள்ளை பிறந்து நான்காம் வகுப்புக்குப் போகும் காலம்!

மண் மூடிய பின்னர் வாதம் கிளம்பிற்று. “போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை” என்றார்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். “போ என்றார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லையே” என்றார்கள் தப்பிப் பிழைத்தவர்கள். தோழர்களே, லயக் காம்பிரா தொழிலாளிக்குச் சொந்தமன்று. அதை விட்டு வெளியேறினால் ஒண்டுவதற்கு ஒரு பேர்ச் காணியும் அவனுக்கு இல்லை. மாற்றிடம் காட்டாத எச்சரிக்கை, மருந்து கொடுக்காமல் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் வைத்தியம் போன்றது.

கமக்கார நண்பர்களுக்கு இந்தச் சரிவின் சூட்சுமத்தை நாம் விளக்கத் தேவையில்லை. வரப்பு எப்போது உடைகிறது? நீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கும்போது உடைகிறது. மலையும் அப்படித்தான். முன்னொரு காலத்தில் சரிந்து வந்து தங்கிய தளர்ந்த மண், கீழே கெட்டிப் பாறை, இரண்டுக்கும் நடுவே மழைநீர். வடிகான் அடைபட்டால் நீரின் அழுத்தம் ஏறும். மண் தன் பிடியை இழக்கும். வாசற்படி வெடிக்கும். ஊற்று நீர் கலங்கி வரும். நேராக நின்ற மரம் சாயும். இவை மலை எழுதும் கடிதங்கள். படிக்கத்தான் ஆளில்லை.

அணுக்கழிவும் நம் மலையும்

இனி நாம் சொல்லப் போவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மீரியபெத்தவில் நின்றுகொண்டு அணுக்கழிவைப் பற்றிப் பேசப் போகிறோம். காரணம் இரண்டு. இலங்கையிலும் அணுமின் நிலையம் அமைப்பது பற்றிய பேச்சு நடக்கிறது. 2022ஆம் ஆண்டில் சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவொன்று வந்து இந்நாட்டின் ஆயத்த நிலையை ஆராய்ந்து சென்றது. நிலையம் வந்தால் கழிவும் வரும். அதை எங்கே வைப்பது என்ற கேள்வியும் வரும். இது முதற் காரணம். உலகம் ஓர் இடத்தை எவ்வளவு கவனமாக ஆராய வல்லது என்பதற்கு அணுக்கழிவே உரைகல். அந்த உரைகல்லில் நம் லயங்களை உரைத்துப் பார்க்க வேண்டும். இது இரண்டாவது காரணம்.

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் அடுப்புச் சாம்பல் போன்றதன்று. அதிலுள்ள புளுட்டோனியத்தின் ஒரு வகை பாதியாகக் குறைவதற்கே 24,000 ஆண்டுகள் செல்லும். ஆகவே அதை ஆழமான பாறைக்குள், தலைமுறை தலைமுறையாக எவரும் தொடாத இடத்திற் புதைக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே விஞ்ஞானிகள் அஞ்சும் பகைவன் யார் தெரியுமா? நீர்! பாறை வெடிப்பின் வழியே நீர் இறங்கி, கலத்தை அரித்து, நஞ்சைச் சுமந்து மேலே வந்துவிடுமோ என்பதே அவர்களுடைய அச்சம். மீரியபெத்தவைக் கவிழ்த்ததும் நீர். அணுக்கழிவு அறையைக் கெடுக்கக்கூடியதும் நீர். அங்கே அந்த நீரின் வழியை அறிய ஒரு தலைமுறையே உழைத்திருக்கிறது.

பின்லாந்து நாட்டைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு கழிவுக்கு இடம் தேடுவதற்குக் கால அட்டவணை வகுத்தது. நாடு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினார்கள். நான்கு இடங்களைத் துளைத்துத் துருவி ஆராய்ந்தார்கள். 1999ஆம் ஆண்டில் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தது. அதன் பிறகு யூராயோக்கி என்ற ஊராட்சியின் சம்மதத்தைக் கேட்டார்கள். ஊராட்சி ‘வேண்டாம்’ என்றால் அரசு அங்கே அடியெடுத்து வைக்க முடியாது. அது அந்நாட்டுச் சட்டம். ஊர் இசைந்தது. 2001ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் ஒப்புதல் அளித்தது. 2004ஆம் ஆண்டிற் குடையத் தொடங்கி, நானூறு மீற்றருக்கும் கீழே சென்று, 2024ஆம் ஆண்டிற்றான் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். அந்த ஊரில் முன்னரே அணுமின் நிலையம் இருந்தது, வரி வருமானமும் இருந்தது, அதனால் இசைவது எளிதாயிற்று என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் கேட்டார்கள் அல்லவா! கழிவைக் குடியமர்த்துவதற்கு நாற்பது ஆண்டு ஆராய்ச்சி!

கேளாமற் செய்தவர்கள் என்னவானார்கள்?

எல்லா நாடும் பின்லாந்து அன்று. 1977ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் கோர்லேபன் என்ற சிற்றூரின் உப்புப் பாறையைத் தேர்ந்தார்கள். எல்லையோரம், மக்கள் நெருக்கம் குறைந்த பகுதி. எதிர்ப்பவர் எத்தனை பேர் இருந்துவிடுவர் என்று நினைத்தார்கள் போலும். 1979ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்து விவசாயிகள் உழவு இயந்திரங்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஹனோவர் தலைநகருக்கே போய்விட்டார்கள். நகரம் மனிதத் தலைகளால் நிறைந்தது. போராட்டம் நாற்பதாண்டு நீடித்தது. நாடு முழுவதையும் புதிதாக ஆராய்ந்தபோது, 2020ஆம் ஆண்டில், நிலவியற் காரணங்களால் கோர்லேபன் தகுதியற்றது என்று பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. உழவன் சொன்னதை ஒப்புக்கொள்ள உலகுக்கு நாற்பதாண்டு பிடித்தது!

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டில், மற்ற இடங்களை ஆராய்வதையே நிறுத்திவிட்டு, நெவாடா மாநிலத்து யூக்கா மலை ஒன்றை மட்டுமே ஆராய்வதென்று காங்கிரஸ் சட்டம் செய்தது. அரசியற் பலம் குறைந்த மாநிலம் அது. அந்த மலை தங்கள் முன்னோருடையது என்று மேற்கு ஷோஷோனி ஆதிக்குடியினர் முறையிட்டனர். ஆயிரம் கோடி டொலருக்கு மேற் செலவிட்ட பின்னர், 2010ஆம் ஆண்டையொட்டி வேலை நின்றது. கழிவு இன்னும் உலைகளின் பக்கத்திலேயே கிடக்கிறது.

கோலாரில் நம் உடன்பிறப்புகள்

தமிழனுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு. வெள்ளையர் ஆட்சியில், வட ஆர்க்காட்டிலிருந்து ஒரு கூட்டம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குச் சென்றது. தமிழகத்திலிருந்து இன்னொரு கூட்டம் கப்பலேறி இந்த மலைநாட்டுக்கு வந்தது. இரண்டும் ஒரே வறுமையின் பிள்ளைகள். அவர்கள் பூமிக்கு அடியில் மூன்று கிலோமீற்றர் இறங்கினார்கள். நாம் மலைக்கு மேல் ஏறினோம். அவர்கள் பொன் எடுத்துக் கொடுத்தார்கள். நாம் தேயிலை பறித்துக் கொடுத்தோம். 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் வேலையின்றி நின்றன.

பதினோராண்டு கழித்து, 2012ஆம் ஆண்டு நவம்பரில், கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, ‘கழிவை எங்கே வைப்பீர்கள்?’ என்ற கேள்வி எழுந்தது. அரசுத் தரப்பின் வாயிலிருந்து வந்த பெயர் கோலார் தங்கச் சுரங்கம்! அந்த நகரத்து மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. நகரம் கொதித்தெழுந்தது. சில நாட்களுக்குள், அப்படி ஒரு திட்டம் இல்லை என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். வெறுமையான குழியும் வேலையற்ற மக்களும் சேர்ந்திருக்கும் இடம் கேட்பாரற்ற இடம் என்று நினைத்தார்கள் போலும். கேட்க ஆள் இருந்தது. ஆகவே நின்றது.

கூடங்குளத்திலேயும் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைப்பதற்கான கிடங்கு பற்றி இராதாபுரத்தில் 2019ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்துவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நிலையத்தை முதலில் கட்டிவிட்டு, கழிவுக்கு இடத்தைப் பின்னர் தேடுகிற முறை இது. கூரை போட்ட பிறகு அத்திவாரத்தைப் பற்றி யோசிக்கும் கொத்தனை நாம் வேலைக்கு வைப்போமா?

மூன்று வினாக்கள்

இந்த வரலாறுகளிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. ஓர் இடத்தை ஆராய்வதென்றால் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். நிலம் தகுதியானதா? இதைவிட நல்ல மாற்றிடம் உண்டா? அங்கே வாழ்வோர் உண்மையை அறிந்து சம்மதித்தார்களா? மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த ஆய்வு முடமே.

மீரியபெத்தவில் முதல் வினாவுக்கு விடை கிடைத்திருந்தது. தகாது என்பதே அந்த விடை. இரண்டாவது வினாவை எவரும் கேட்கவில்லை. மூன்றாவதைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எவருக்கும் இல்லை.

ஏன் இல்லை? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கிற்று. வாக்கில்லாதவனின் வாசலில் வெடிப்பு விழுந்தால் எந்த மந்திரி வந்து பார்ப்பான்? பின்னர் வாக்கு வந்தது. ஆயினும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் வாசகம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட முடியாமல் தடுத்தது. அதைத் திருத்த 2018ஆம் ஆண்டு வரை காத்திருந்தோம். வடிகான் வெட்ட வேண்டிய சபைக்கு, அதை வெட்டும் அதிகாரம் முப்பதாண்டு இல்லை!

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. பெருந்திட்டம் ஒன்றின் அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு முப்பது நாள் கொடுக்கிறது. ஆனால் 1993ஆம் ஆண்டில் வந்த பட்டியல், நூறு குடும்பங்களுக்கு மேற்பட்ட கட்டாய இடமாற்றத்தையே மதிப்பீட்டுக்கு உட்படுத்துகிறது. அவசர நிலையில் நடப்பதை அதிலிருந்தும் விலக்குகிறது. நமக்கு எல்லா இடமாற்றமும் அவசர நிலையில்தானே நடக்கிறது! மலைமாவட்டங்களில் கட்டடம் எழுப்பக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்ற விதியும் உண்டு. அது புதிய கட்டடத்துக்கு. நூறாண்டுக்கு முன் துரைமார் கட்டிப்போட்ட லயத்துக்கு எந்த அனுமதி?

அறிக்கை இருந்தாலே போதுமென்றும் எண்ணிவிடாதீர்கள். நம் ஊவாவிலேயே உமா ஓயாத் திட்டத்தைக் கண்டோம். 2008ஆம் ஆண்டில் தொடக்க விழா நடந்தது. சுற்றாடல் அனுமதி அதற்குப் பின்னரே வந்தது. மீரியபெத்த மண் காயுமுன்னே, 2014ஆம் ஆண்டு டிசம்பரில், சுரங்கப் பாதைக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்கு நல்லதே. அதை நாம் மறுக்கவில்லை. பாறைக்குள் ஓடும் நீரின் கணக்கைக் காலத்தே போடாவிட்டால், அந்தக் கடனை ஏழையின் கிணறு செலுத்துகிறது என்றே சொல்கிறோம்.

தாமதமா, தற்காப்பா?

“ஆய்வு, விசாரணை, சம்மதம் என்று கிளம்பினால் வீடு எப்போது வரும்? லயம் ஒழுகுகிறதே!” என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. தப்பிப் பிழைத்த மீரியபெத்தக் குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் அடைபட்டுக் கிடந்து, 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் மகல்தெனியவில் 75 வீடுகளைக் கண்டன. காத்திருப்பதன் கசப்பை நாம் அறிவோம்.

ஆனால் எந்தத் தாமதம் நம்மைக் கொன்றது? மண்ணைத் துளைத்துப் பார்த்த தாமதமா? துளைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு ஒன்பதாண்டு உறங்கிய தாமதம்தான் கொன்றது! 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பூனாகலையிலும் மண் இறங்கி லயங்களைச் சிதைத்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டைத் தாக்கி 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. மலை நமக்குத் தவணை கொடுப்பதில்லை.

இந்தியப் பிரதமர் 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டில் வந்து 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு வருவது மகிழ்ச்சி. அது எந்தச் சரிவில் வருகிறது என்பதைக் கேட்பது நன்றிகேடாகாது. தேயிலை நன்றாக விளையாத ஒதுக்குப்புறச் சரிவே தொழிலாளிக்கு என்ற பழைய வழக்கம் புதிய வீட்டுக்கும் தொடருமானால், ஓட்டுக் கூரையின் கீழ் இன்னொரு மீரியபெத்தவைத்தான் கட்டுகிறோம்.

நம் கடமை

அரசைக் குறைகூறிவிட்டு வீட்டுக்குப் போனால் நம் கடமை தீர்ந்ததா? 2005ஆம் ஆண்டின் எச்சரிக்கையை நாம் படித்தோமா? சம்பளத்துக்குக் கொடி பிடித்த நாம் சரிவுக்குக் கொடி பிடித்தோமா? தலைவர்களும் படித்தவர்களும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. தோட்டந்தோறும் அபாய வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, பெரட்டுக் களத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்ட வேண்டும். ஆபத்தென்று குறித்த ஒவ்வொரு லயத்துக்கும் மாற்றிடம் எது, எந்தத் தேதிக்குள் என்று எழுத்திற் சொல்ல வேண்டும். குடியிருப்பு இடத்தைத் தேர்வதற்கு முன்னர், குடும்பங்கள் எத்தனை சிறியதொகையாயினும், அங்கே வாழப்போகும் ஆணையும் பெண்ணையும் அழைத்துத் தமிழில் விசாரணை நடத்த வேண்டும். இடத்தோடு காணி உறுதியும் கையில் வர வேண்டும்.

பொறியியலாளர்களே! அறிக்கைகளைத் தமிழாக்கித் தருவது உங்கள் பொறுப்பு. ஆசிரியர்களே! மழைமானியைப் பள்ளிக்கூட முற்றத்தில் வையுங்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பதைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போற் சொல்லட்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கமக்காரர்களே, தோட்டத் தோழர்களே! ஊற்றுக் கலங்குவதையும் படி வெடிப்பதையும் முதலிற் காண்பவர்கள் நீங்கள். கண்டதைத் தேதி போட்டு எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். அந்தத் துண்டுக் காகிதமே நாளைக்கு நம் சாட்சி.

எரிந்து முடிந்த கழிவு பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக உலகம் நாற்பதாண்டு பாறையைத் தட்டிப் பார்க்கிறது. அது சரியே. இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் உயிருள்ள மனிதனுக்காக, அவன் படுத்துறங்கும் நாலு முழ நிலத்தையும் தட்டிப் பாருங்கள் என்கிறோம். இதைவிடச் சிறிய கோரிக்கையை எந்தக் குடிமகனும் தன் அரசின் முன் வைத்திருக்க முடியாது.

இந்த மண்ணுக்கு அடியில் உறங்கும் நம்மவருக்கு மாலை போடுவதோடு நின்றுவிடாமல், அடுத்த மழைக்கு முன்னர் உங்கள் தோட்டத்து வடிகானைப் போய்ப் பாருங்கள். இந்தக் கூட்டத்தின் தீர்மானம் அங்கிருந்து தொடங்கட்டும்.